அமாக்சிசிலினா, அசித்ரோமைசினா?

தொண்டை கரகரத்தால் மெடிக்கல் ஷாப்பில் சீட்டு இல்லாமலே கைக்கு வருவது பெரும்பாலும் அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக். நாளைக்கு ஒன்று, மூன்று நாள், முடிந்தது கதை. இன்னொரு ஆன்டிபயாடிக்கான அமாக்சிசிலின் என்றால் நாளைக்கு இரண்டு மூன்று வேளை, அதுவும் பல நாள். மத்தியான மாத்திரை யாருக்கு ஞாபகம் இருக்கும்?

அமாக்சிசிலின் பாக்டீரியாவைச் சுவர் கட்டவிடாது. சுவர் இளகி, நீர் புகுந்து, அது வெடித்துச் சாகும். அசித்ரோமைசின், பாக்டீரியாவுக்குள் புரதம் செய்யும் பட்டறையான ரைபோசோமில் ஒட்டிக்கொண்டு புரதத் தயாரிப்பை நிறுத்தும். பெரும்பாலும் கொல்வதில்லை, பெருகவிடாது.

பெரிய வித்தியாசம் உடம்பில் தங்கும் நேரம்தான். அமாக்சிசிலின் ரத்தத்தில் சுமார் 1 மணி நேரத்தில் பாதியாகிவிடும். அசித்ரோமைசின் பாதியாக ஏறக்குறைய 68 மணி நேரம் ஆகும். மூன்றே மாத்திரை போதுவது அதனால்தான், சிக்கலும் அங்கேதான். கோர்ஸ் முடிந்தும் கிருமியைத் தடுக்கப் போதாத அளவில் நாள்கணக்கில் கிடக்கும். எதிர்ப்புச் சக்தி பெற்ற கிருமிக்கு அது கொண்டாட்டம்.

உலக சுகாதார நிறுவனமும் அமாக்சிசிலினை முதலில் எடுக்க வேண்டிய வரிசையிலும், அசித்ரோமைசினைக் கண்காணித்துத் தர வேண்டிய வரிசையிலும் வைத்திருக்கிறது. பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் 2016 முதல் பரவிய, பல ஆன்டிபயாடிக்குகளுக்கு அடங்காத டைபாய்டுக்கு, வாய்வழி மருந்தில் கைகொடுத்தது அசித்ரோமைசின்தான். அதைத் தொண்டைக் கரகரப்புக்கா செலவழிப்பது?

ஸ்ட்ரெப் தொண்டை, அதாவது ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பாக்டீரியாவால் வரும் தொண்டைத் தொற்று என்று டாக்டர் உறுதிசெய்தால் என் ஓட்டு அமாக்சிசிலினுக்கு. அமாக்சிசிலின் பென்சிலின் குடும்பம், அதனால் பென்சிலின் அலர்ஜி இருந்தால் மற்றது. அப்புறம், பெரும்பாலான தொண்டை வலி வைரஸால் வருவது. அதற்கு இரண்டுமே வேண்டாம், உப்புத் தண்ணீர் கொப்பளித்தால் போதும்.