கட்டை இறக்கும் மென்பொருள்: ரீப்பரின் ரீபிட்ச்

பெங்களூரு அல்சூர் பக்கத்து மெல்லிசைக் குழுக்களில் கிதார் வாசிப்பவர்களுக்குப் பழகிப்போன வேண்டுகோள் ஒன்று உண்டு: “அண்ணா, தொண்டை சரியில்லை, ஐந்து கட்டைப் பாட்டை நாலு கட்டைக்கு இறக்கிக்கொள்ளலாமா?” (கட்டை என்பது பாட்டின் சுருதி உயரம்.) கீபோர்டுக்காரருக்கு அது ஒரு பொத்தான், திறந்த தந்திகளை நம்பி வாசிக்கும் எங்களுக்கோ ஆறு தந்திகளையும் தளர்த்தும் வேலை. அந்த வேலையை ஒலிப்பதிவிலாவது மிச்சப்படுத்துமா என்று பார்க்கவே, ரீப்பர் என்னும் ஒலிப்பதிவு மென்பொருளுடன் சேர்ந்தே வரும், சுருதியை ஏற்றி இறக்கும் ரீபிட்ச் என்னும் பிளகினை (துணை மென்பொருளை)ப் பயன்படுத்தத் தொடங்கினேன்.

அரைக் கட்டை, ஒரு கட்டை இறக்குவதில் குறை சொல்ல இடமில்லை. ஆனால் கிதார் ஆம்ப்ளிஃபயரின் ஒலியைத் தரும் பிளகினுக்கு முன்னால் இதை வைக்க வேண்டும். டிஸ்டார்ஷன் என்னும் கரகரப்பு சேர்ந்து கலங்கிய ஒலியைவிடத் தந்தியின் தூய ஒலியைச் சுருதி மாற்றுவது எந்த மென்பொருளுக்கும் எளிது. முழு ஸ்தாயி இறக்கினால் 82 ஹெர்ட்ஸில் ஒலிக்கும் தடித்த தந்தி 41 ஹெர்ட்ஸுக்கு வந்து பேஸ் கிதாரைப் போல உறுமுகிறது. ஒற்றைச் சுரங்களுக்கு அது போதும், பல சுரங்கள் சேர்ந்தொலிக்கும் கார்டுகளுக்கு ஆகாது.

இரண்டாம் குரல் சேர்க்கும் வசதியில்தான் காது விழிப்பாக இருக்க வேண்டும். இது சுரத்தானங்களை எண்ணி நகர்த்துமே தவிர, ராகத்தை அறியாது. சங்கராபரணத்தில் இரண்டாம் குரலை நான்கு அரைச்சுரம் (நான்கு சுரத்தானம்) மேலே வைத்தால் ஸட்ஜத்துக்கு அந்தர காந்தாரம் அழகாகத் துணை வரும்; அடுத்த ரிஷபத்துக்கோ சங்கராபரணத்தில் இல்லாத பிரதி மத்தியமம் அழையாத விருந்தாளியாக வந்து, பாட்டைக் கல்யாணி ராகத்தின் பக்கம் இழுத்துவிடும். ஏழு அரைச்சுரம் வைத்தால் நிஷாதத்தில் மட்டுமே அந்தத் தொல்லை. ஆகவே நான் நிஷாதம் வரும் இடங்களைத் தனியே வெட்டி, அங்கு மட்டும் எண்ணை மாற்றிக்கொள்கிறேன்.

நேரடியாக வாசிக்கும்போது தாமதம் தெரியும். இதை இந்த மென்பொருளின் குற்றமாகக் கொள்ள முடியாது. தடித்த தந்தி ஒருமுறை முழுதாக அதிரவே ஏறத்தாழ 12 மில்லிநொடி ஆகிறது. அந்த அதிர்வைக் கேட்காமல் எந்த மென்பொருளாலும் சுருதியை மாற்ற இயலாது. ரீபிட்சில் தேர்ந்தெடுக்கக்கூடிய ‘சிம்பிள் விண்டோட்’ முறை தாமதத்தைக் குறைக்கும், ஒலியின் மழமழப்பையும் சற்றுக் குறைக்கும்.

ரீப்பரை 60 நாள் இலவசமாகச் சோதிக்கலாம். தனிநபர் உரிமம் 60 டாலர். பதிவுக்கு ரீபிட்ச் தாராளமாகப் போதும். மேடைக்கு மட்டும் நான் இன்னும் தந்திகளைத் தளர்த்தி வைத்த இரண்டாவது கிதாரையே சுமந்து செல்கிறேன்.