முகத்துக்கு மட்டும்தான் ஐபி65: வெளி லைட்டில் நான் ஏமாந்த கதை

வீட்டுக்கு வெளியே கூரை நீட்டிக்கொண்டிருக்கும் இடத்தில், அடியில் பலகை அடித்து வரிசையாக லைட் பதிக்கலாம் என்று யோசிப்பவர்கள் அட்வான்ஸ் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். நான் கொடுத்துவிட்டுத்தான் இதெல்லாம் தெரிந்துகொண்டேன்.

மொத்தம் 14 லைட். போட்ட அன்று ராத்திரி நன்றாகத்தான் இருந்தது, நானே நாலு பக்கமும் நின்று போட்டோ எடுத்து சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பினேன். முதல் பெரிய மழையில் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) டிரிப் ஆகி வீடே இருட்டு. தூக்கிவிட்டால் நிற்கவில்லை, உடனே விழுகிறது. போட்டவருக்கு போன் செய்தால், "மழைன்னா அப்படித்தான் சார், காய்ஞ்சா சரியாயிடும்" என்றார். காய்ந்தது, சரியானது, அடுத்த மழையில் மறுபடி விழுந்தது. மூன்றாவது தடவை அவர் போனையே எடுக்கவில்லை.

வேறு ஒரு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். அவர் மெயினை அணைத்துவிட்டு ஏணியில் ஏறி ஒரு லைட்டை வெளியே இழுத்தார். கண்ணாடிக்குள் தண்ணீர் தேங்கி, அதில் பூச்சிகள் மிதந்தன. பின்பக்கம் வயரை முறுக்கி வெறும் கறுப்பு டேப் சுற்றியிருந்தது, அதுவும் பசை விட்டுத் தொங்கியது, உள்ளே செம்பு பச்சை பூத்திருந்தது. டிரைவர், அதாவது லைட்டுக்குத் தேவையான கரண்டை மாற்றிக் கொடுக்கும் சின்னப் பெட்டி, பலகைக்கு மேலே சும்மா கிடந்தது. அதைத் துடைத்து ஸ்டிக்கரைப் படித்துக் காட்டினார்: தூசி, தண்ணீரை எவ்வளவு தாங்கும் என்று சொல்லும் எண் ஐபி20.

அட்டைப்பெட்டியில் பெரிய எழுத்தில் ஐபி65 என்று இருந்ததை நான் என் கண்ணால் பார்த்தேனே என்று கேட்டேன். சிரித்தார். அந்த நம்பர் லைட்டின் முகத்துக்கு மட்டும்தானாம், பெட்டியின் ஓரத்தில் பொடி எழுத்தில் அதையும் போட்டிருப்பார்களாம். முதல் எண் தூசிக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. 65 என்றால் தூசி புகாது, குழாயால் பீய்ச்சினாலும் தாங்கும். 20 என்றால் தண்ணீருக்கு எந்தப் பாதுகாப்பும் கிடையாது. இதில் வேடிக்கை என்னவென்றால், பலகையில் பதித்த லைட்டின் முகம் தரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது, மழை கீழிருந்தா பெய்கிறது? என் வீட்டில் கூரை ஓரத்து மழைநீர்க் கால்வாய் நிரம்பி வழிந்து பலகைக்கு மேலே இறங்கியிருக்கிறது, அதாவது எந்தப் பக்கம் பாதுகாப்பே இல்லையோ சரியாக அந்தப் பக்கம்.

இன்னொரு கூத்து. நான் கேட்டது 3000 கெல்வின் வார்ம் ஒயிட், அதாவது மஞ்சள் கலந்த வெளிச்சம் (கெல்வின் எண் ஏற ஏற வெளிச்சம் வெள்ளையாகும்). நடுவில் கெட்டுப்போன இரண்டுக்குப் பதிலாக முதலில் போட்டவர் 6500 மாட்டிவிட்டுப் போயிருந்தார். வரிசையில் அந்த இரண்டு மட்டும் ஆஸ்பத்திரி மாதிரி வெள்ளையாக எரியும், பூச்சியும் அங்கேதான் அதிகம், பூச்சி வந்தால் சிலந்தி வராமல் இருக்குமா. அப்புறம் ஒரு லைட் நேராக படுக்கையறை ஜன்னலுக்கு மேலே. அளவு நாடாவை வைத்து சமமாகப் பிரித்தவர் கீழே என்ன இருக்கிறது என்று குனிந்துகூடப் பார்க்கவில்லை.

பில்லில் "வெளிப்புற லைட் 14" என்று ஒரே வரி. மாடல் இல்லை, கெல்வின் இல்லை, பெட்டிகளையும் அவரே அள்ளிக்கொண்டு போய்விட்டார். எதை வைத்து வாரண்டி கேட்பது?

புது ஆள் முதலில் கால்வாய் ஒழுகலைத்தான் அடைக்கச் சொன்னார். டிரைவர்களை மூடிய பெட்டிக்குள் வைத்தார், ஜாயின்ட்டுக்கு ஜெல் நிரப்பிய கனெக்டர் போட்டார், வயர் பெட்டிக்குள் போகும் முன் கொஞ்சம் தொங்கவிட்டு வளைத்தார், வழியும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடுமாம். லைட்டையும் மாற்ற வேண்டியிருந்தது; புது லைட் சற்றுச் சின்னது, பழையவர் வெட்டிய ஓட்டை பெரியது என்பதால் பாதிப் பலகையை மாற்ற வேண்டியதாயிற்று, அந்தச் செலவும் என் தலையில்தான்.

நீங்கள் போடுவதாக இருந்தால் லைட்டை மேலே ஏற்றும் முன் டிரைவரைக் கையில் வாங்கி ஸ்டிக்கரைப் படியுங்கள், போட்டோவும் எடுத்து வையுங்கள். ஜாயின்ட்டை எதில் போடப் போகிறீர்கள் என்று கேளுங்கள். டேப் என்று பதில் வந்தால் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.