கொம்பு இடம் மாறாத பிடிஎஃப் வேண்டுமா? நான்கு வழிகள், ஓர் அலசல்

கீழமாசி வீதி மொத்தக் கடைக்கோ கப்பலூர் சிட்கோவில் உள்ள பட்டறைக்கோ ஒரு பில்லிங் மென்பொருள் எழுதிக் கொடுத்தால், கூடவே தமிழில் ஒரு கையேடும் கேட்பார்கள். மதுரையில் இந்த வேலை பார்க்கிற சின்ன ஆபீஸ் எதிலும் கையேட்டைப் பக்கம் பக்கமாக உட்கார்ந்து வடிவமைக்க ஆள் கிடையாது. மார்க்டவுன் என்ற எளிய குறியீட்டு முறையிலோ ஸ்ஃபிங்ஸ் என்ற கையேடு உருவாக்கும் கருவியிலோ எழுதி, ஒரே கட்டளையில் பிடிஎஃப் ஆக்கிவிடுவதுதான் வழக்கம். ஆங்கிலக் கையேடு பிசகில்லாமல் வந்துவிடும். தமிழில் ‘கொள்முதல்’ என்ற முதல் தலைப்பிலேயே வண்டவாளம் தெரிந்துவிடும்.

கருவியைக் குறை சொல்லும் முன் கோளாறு எந்த வகை என்று பார்த்துவிட வேண்டும். பெட்டி பெட்டியாக வந்தால், பயன்படுத்திய ஃபான்டில் தமிழே இல்லை. எழுத்து வந்தும் ஒற்றைக்கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நின்றால், ஃபான்டின் மேல் தப்பில்லை, எழுத்தைக் கோக்கும் வேலைதான் நடக்கவில்லை. யூனிகோடில் ‘கெ’ என்பது முதலில் ககரம், அப்புறம் கொம்பு என்றுதான் பதிவாகிறது. அதைக் கண்ணுக்கு முன்பின்னாக மாற்றிக் காட்டுவது ஹார்ஃப்பஸ் போன்ற, எழுத்தைக் கோக்கும் நிரலின் வேலை. எழுத்தெல்லாம் சரியாக இருந்து முகம் மட்டும் வேறாக இருந்தால், நீங்கள் கேட்ட ஃபான்ட் அந்தக் கணினியில் இல்லை, கைக்குக் கிடைத்ததைப் போட்டுவிட்டது. தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்துகள் கன்னாபின்னாவென்று வந்தால், யாரோ யூனிகோடு அல்லாத பாமினி ஃபான்டில் அடித்த பழைய பக்கத்தை அப்படியே ஒட்டியிருக்கிறார்கள். அதை யூனிகோடுக்கு மாற்றாமல் கீழே சொல்லும் எந்த வழியும் உதவாது.

பாப்லர் என்ற பிடிஎஃப் கருவித் தொகுப்போடு வரும் ‘பிடிஎஃப்ஃபான்ட்ஸ்’ கட்டளையை ஓட்டினால், கோப்புக்குள் உண்மையில் எந்த ஃபான்ட் இருக்கிறது, முழுதாகப் பதிந்திருக்கிறதா என்று இரண்டு நொடியில் தெரிந்துவிடும். இதைச் செய்யாமல் கருவி மாற்றுவது வீண் அலைச்சல்.

இனி வழிகள். வாடிக்கையாளரே திருத்த வேண்டும், வேர்டு கோப்புதான் வேண்டும் என்றால் லிப்ரே ஆபீஸ் வழி. அதில் ஒரு பொறி இருக்கிறது. வேர்டும் லிப்ரே ஆபீஸும் ஆங்கிலத்துக்கு ஒரு ஃபான்ட், தமிழ் போன்ற கலவை எழுத்துகளுக்கு இன்னொரு ஃபான்ட் என்று தனித்தனியாக வைத்திருக்கின்றன. நிரல் வழியாக ஃபான்ட் பெயர் கொடுப்பவர்கள் பெரும்பாலும் முதலாவதை மட்டும் மாற்றுவார்கள். தமிழ் அசையாது. ஆவணத்தை ஒரு வடிவிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் பாண்டாக் வழியாக வேர்டு கோப்பு உருவாக்கினால், மாதிரிக் கோப்பின் ஸ்டைல்களில் ‘காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்’ ஃபான்டையும் சேர்த்து மாற்றுங்கள். இன்னொன்று, லதா ஃபான்டை நம்ப வேண்டாம். விண்டோஸ் 2000 காலத்திலிருந்து கூடவே வந்தது, விண்டோஸ் 10-இல் தனியாகச் சேர்த்துக்கொள்ளும் கூடுதல் ஃபான்டாகிவிட்டது. உங்கள் கணினியில் இருக்கும், கடைக்காரர் கணினியில் இருக்காது.

தடிமனான கையேட்டுக்கு லேடெக் என்ற பக்கம் கோக்கும் மென்பொருள். ஸ்ஃபிங்ஸ் வழக்கமாக அதன் ஒரு ரகமான பிடிஎஃப்லேடெக்கைத்தான் கூப்பிடும். அது தமிழைக் கண்டதும் பிழை காட்டி நின்றுவிடும். ஒரு விதத்தில் நல்லதுதான், தவறான கையேடு வெளியே போகாது. அமைப்பில் யூனிகோடு தெரிந்த ஸீலேடெக் என்று மாற்றியதும் ஓடும், ஆனால் வாயை மூடிக்கொண்டு ஓடும். ஃபான்டில் இல்லாத எழுத்தைப் பக்கத்தில் போடாமல் விட்டுவிட்டு, பதிவுக் கோப்பின் ஏதோ ஒரு மூலையில் ஒரு வரி எழுதி வைக்கும். அதை யார் படிக்கிறார்கள்? லேடெக் தொகுப்பான டெக் லைவின் 2021 பதிப்பு முதல் ‘ட்ரேசிங்லாஸ்ட்கேர்ஸ்’ மதிப்பை 3 என்று வைத்தால், எழுத்து விட்டுப்போனதைப் பிழையாகவே எடுத்துக்கொள்ளும். இதை முதல் வரியிலேயே போட்டு வையுங்கள். ஃபான்டைத் தேர்ந்தெடுக்கும் ஃபான்ட்ஸ்பெக் பொதியில் ஃபான்ட் பெயரோடு எழுத்துமுறை தமிழ் என்றும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் கொம்பும் புள்ளியும் தடுமாறலாம். நிரல் வரிகளைக் காட்டும் பகுதிகளுக்கான சம அகல ஃபான்டில் பெரும்பாலும் தமிழ் இருக்காது. அதனால் நிரலுக்குள் தமிழில் எழுதிய குறிப்புகள் மட்டும் காணாமல் போகும். இன்னொரு ரகமான லுவாலேடெக் எடுத்தால், எழுத்தைக் கோக்க ஹார்ஃப்பஸ் ரெண்டரரைக் கேட்டு வாங்க வேண்டும். பக்க அமைப்பின் அழகில் லேடெக்கை மிஞ்ச எதுவும் இல்லை. ஆனால் புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைக்கு இதைச் சொல்லிக் கொடுக்கப் பொறுமை வேண்டும்.

ஹெட்லெஸ் குரோம், அதாவது திரையில் சாளரம் திறக்காமலே ஓடி வலைப்பக்கத்தை பிடிஎஃப் ஆக்கித் தரும் குரோம், இதற்கு நேர்மாறு. எதையும் கேட்காது, கோத்துத் தருவதிலும் பிழை இல்லை. அதன் பலவீனமே அந்த இளகிய மனசுதான். கேட்ட ஃபான்ட் இல்லையென்றால் கணினியில் தமிழ் தெரிந்த வேறெதையாவது எடுத்துக்கொள்ளும். விண்டோஸில் நிர்மலா யுஐ வரும், உபுண்டுவில் இன்னொன்று வரும், எந்தத் தமிழ் ஃபான்டும் நிறுவாத டாக்கர் போன்ற தனித்த ஓட்டச் சூழலில் பெட்டிதான் வரும். தடித்த எழுத்துக்கான கோப்பு இல்லையென்றால் சாதா எழுத்தையே ஊதிப் பெருக்கிப் போட்டுவிடும், தலைப்புகள் மை கசிந்ததுபோல் இருக்கும். ஒரு பக்க ரசீதுக்கு, விலைப்பட்டியலுக்கு இது போதும். இதற்குப் பதிலாக, இதே வேலையைச் செய்யும் டபிள்யூகேஎச்டிஎம்எல்டுபிடிஎஃப் என்ற பழைய கருவி இன்னும் சில இடங்களில் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்தத் திட்டத்தை 2023-இலேயே மூடி வைத்துவிட்டார்கள். புதிதாகத் தொட வேண்டாம்.

என் ஓட்டு நான்காவது வழிக்கு, எச்டிஎம்எல் பக்கத்தை பிடிஎஃப் ஆக்கும் வீஸிபிரிண்டுக்கு. எழுத்து வரிகளை அமைக்கும் பாங்கோவும் ஹார்ஃப்பஸும் அடியில் இருப்பதால் கொம்பு தன் இடத்தில் நிற்கிறது. எச்டிஎம்எல், சிஎஸ்எஸ் தெரிந்தால் போதும். பொருளடக்கத்தில் பக்க எண்ணைத் தானாக வரவழைக்கலாம், குரோமில் அதற்குச் சுற்றி வளைக்க வேண்டும். ஃபான்ட் கோப்பை ஏற்ற முடியாவிட்டால் எச்சரிக்கை தருகிறது. ஜாவாஸ்கிரிப்ட் ஓடாது என்பது குறைதான். கையேட்டுக்கு அது எதற்கு?

குரோமானாலும் வீஸிபிரிண்டானாலும், நோட்டோ சான்ஸ் தமிழ் ஃபான்டின் சாதா, தடித்த இரண்டு கோப்புகளையும் திட்ட ஃபோல்டருக்குள்ளேயே வைத்து சிஎஸ்எஸ்ஸில் பாதை கொடுங்கள். கூகுள் ஃபான்ட்ஸ் இணைப்பை நம்பினால், நெட் இல்லாத சர்வரில் முகம் மாறிவிடும். ரூபாய்க் குறியையும் சோதியுங்கள். அது 2010-இல்தான் யூனிகோடில் சேர்ந்தது, அதற்கு முந்தைய ஃபான்ட்களில் பெட்டியாக நிற்கும்.

கடைசியாக, அச்சுக்கு சிவகாசி அனுப்புபவர்களுக்கு. ஃபான்ட் முழுதாகப் பதிந்த பிடிஎஃப்பைக்கூட அங்கே கோரல்டிரா வரைகலை மென்பொருளில் திறந்தால் கொம்பு மறுபடி இடம் மாறலாம். திறக்கும்போது எழுத்தை எழுத்தாக எடுக்காமல் ‘கர்வ்ஸ்’ (வளைகோட்டு உருவம்) ஆக எடுக்கச் சொல்லி ஃபோனிலேயே சொல்லிவிடுங்கள்.