உக்ரைனிய மொழியோடு மூன்று வருடம்: இலக்கணம் கைகொடுத்தது, எழுத்து காலை வாரியது

முதலில் என் நிலவரத்தைச் சொல்லிவிடுகிறேன். மூன்று வருடம் படித்த பிறகு வானிலை, சாப்பாடு, வேலை, உடம்பு சரியில்லை போன்ற விஷயங்களில் உக்ரைனிய மொழியில் ஐந்து நிமிடம் தாக்குப்பிடிப்பேன். குழந்தைகள் கதைப் புத்தகம் அகராதி இல்லாமல் பாதி புரியும், அகராதியோடு முக்கால்வாசி. செய்தி வாசிப்பவர் வேகமெடுத்தால் விட்டுவிடுவேன். ஐரோப்பிய அளவுகோலில் இது ஏ2, அதாவது தொடக்க நிலையின் இரண்டாம் படி என்று என் ஆசிரியை சொல்கிறார். அவர் இரக்க குணம் உள்ளவர்.

நான் கோவையில் இருந்தபடி ஒரு மென்பொருள் கம்பெனிக்கு டெஸ்டிங் வேலை செய்கிறேன். டீமில் பாதிப் பேர் உக்ரைனின் லிவீவ் நகரத்தில் இருக்கிறார்கள். மீட்டிங் ஆங்கிலத்தில்தான் நடக்கும். ஆனால் எல்லோரும் வந்து சேரும்வரை ஓடுகிற இரண்டு நிமிடப் பேச்சு அவர்கள் மொழியில். ரஷ்யா படையெடுத்த 2022 பிப்ரவரிக்குப் பிறகு அந்த இரண்டு நிமிடத்தில் சிரிப்புச் சத்தம் நின்றுபோனது. அவர்கள் எதைப் பேசிக்கொள்கிறார்கள் என்றுகூடத் தெரியாமல் ‘ஆரம்பிக்கலாமா?’ என்று கேட்பவளாக இருப்பது எனக்கே கூச்சமாக இருந்தது. அந்த மே மாதம் படிக்க உட்கார்ந்தேன்.

எல்லோரையும் போல ஒரு கைப்பேசிச் செயலியில்தான் தொடங்கினேன். பெயர் வேண்டாம். எழுத்துகளைப் பழக்கியதற்கு அதற்கு நன்றி. மற்றபடி எட்டு மாதம் ஒருநாள் விடாமல் தட்டியும், சொந்தமாக ஒரு வாக்கியம் வாயில் வரவில்லை. ஆங்கில வாக்கியத்தைக் கொடுத்து மொழிபெயர்க்கச் சொல்லும். சொல் ஏன் ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு வாலோடு வருகிறது என்று சொல்லாது. இருநூற்றுச் சொச்சம் நாள் தொடர்ச்சி அறுந்துபோன அன்று வருத்தப்படுவதற்குப் பதில் நிம்மதியாக இருந்தது.

எழுத்துக்கு வருகிறேன். மொத்தம் 33. இதைக் கண்டு பயப்படவே வேண்டாம், 247-ஐப் பார்த்தவர்கள் நாம். இரண்டு வாரம் போதும். பார்த்தால் ஆங்கில எழுத்து மாதிரி இருந்து வேறு ஒலி தருபவைதான் தொல்லை: ஆங்கில ‘எச்’ போல இருப்பது ‘ந’, ‘பி’ போல இருப்பது ‘ர’, ‘சி’ போல இருப்பது ‘ஸ’. கையெழுத்து வடிவம் வேறு கதை. அச்சில் ‘த’ ஒலிக்கு உள்ள எழுத்து, கையால் எழுதும்போது ஆங்கில ‘எம்’ ஆகிவிடும். அதைப் படிக்க இன்றும் எனக்கு நேரம் பிடிக்கும்.

நான் செய்த பெரிய முட்டாள்தனம், உச்சரிப்பைத் தமிழில் எழுதிவைத்துப் படித்தது. ஒரு முழு நோட்டு. நம் ‘க’ ஒன்றே காக்கைக்கும் மகனுக்கும் தங்கைக்கும் போதும். அவர்களுக்கு அங்கே நான்கு தனித்தனி எழுத்து: ‘க’, ‘தங்கை’யில் வருவது போன்ற ஆங்கில ‘ஜி’யின் ஒலி, தொண்டையிலிருந்து வரும் மென்மையான ‘ஹ’, உரசி வரும் வன்மையான ‘ஹ’. ‘ஹ்ராத்தி’ என்றால் விளையாடுவது. முதல் ஒலியை ‘ஜி’ ஆக்கினால் சிறைக் கம்பி. அந்த ‘ஜி’ ஒலி எழுத்துக்கு ஒரு வரலாறு உண்டு. சோவியத் ஆட்சி 1933-இல் அதை நெடுங்கணக்கிலிருந்தே எடுத்துவிட்டது. 1990-இல்தான் திரும்பி வந்தது. இன்றைக்கும் அது வரும் சொற்கள் கொஞ்சம்தான், ஆனால் அவர்கள் அதைத் தனிப் பாசத்தோடு எழுதுவார்கள்.

இன்னொன்று ‘இ’. அங்கே இரண்டு உண்டு. ஒன்று நம் ‘ஈ’யைக் குறுக்கியது போலக் கூர்மையானது, மற்றது வாயைத் தளர்த்திச் சொல்வது. என் நோட்டில் இரண்டுமே ‘இ’தான். என் வீட்டில் ஒரு பூனை இருக்கிறது என்று டீமில் பெருமையாகச் சொன்னேன். ‘கித்’. கூர்மையான ‘இ’ வைத்தால் பூனை. தளர்ந்த ‘இ’ வைத்தால் திமிங்கிலம். நான் எதைச் சொன்னேன் என்று சொல்ல வேண்டியதில்லை. ‘என்ன சாப்பாடு போடுகிறாய் அதற்கு?’ என்று ஒருவர் கேட்டபோதுகூட எனக்கு விளங்கவில்லை. அன்றிலிருந்து நான் தப்பு செய்யும்போதெல்லாம் சாட்டில் ஒரு திமிங்கிலப் படம் வரும். (இந்தக் கட்டுரையிலும் எல்லாவற்றையும் தமிழ் எழுத்தில்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். செய்யாதீர்கள் என்று சொல்லிக்கொண்டே செய்கிறேன், மன்னிக்கவும். நோட்டை மட்டும் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிட்டேன்.)

‘த’ விஷயத்தில் நமக்கு லாபம். ஆங்கில வழியாகக் கற்றால் ‘ட’ என்று சொல்லத் தோன்றும். உண்மையில் அது பல்லைத் தொடும் நம் ‘த’வேதான். அம்மாவுக்கு ‘மாமா’, அப்பாவுக்கு ‘தாத்தோ’. உறவுமுறைப் பாடத்தை வீட்டில் உரக்கப் படித்தபோது என் அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

ஒன்பதாவது மாதத்தில் ஓர் ஆசிரியையைப் பிடித்தேன். வாரம் ஒரு மணி நேரம், இணையம் வழியாக. அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு அவர் சொன்ன ஆங்கில இலக்கணச் சொற்கள் ஏறவில்லை. ‘உக்ரைனிய மொழியில் ஏழு வேற்றுமை, பலரும் இங்கேதான் ஓடிப்போவார்கள்’ என்றார். அன்றிரவு எட்டாம் வகுப்பில் மனப்பாடம் செய்த ஐ, ஆல், கு, இன், அது, கண் நினைவுக்கு வந்தது. உட்கார்ந்து பொருத்திப் பார்த்தேன். எழுவாய் இருக்கிறது. ‘ஐ’ இருக்கிறது, ‘கு’ இருக்கிறது. ‘உடைய’, ‘இடத்தில்’ இரண்டும் இருக்கின்றன. மூன்றாம் வேற்றுமை அப்படியே: பேனாவால் எழுதினேன் என்பதற்கு ‘ரூச்கோயு’, அம்மாவோடு போனேன் என்பதற்கு ‘ஸ் மாமோயு’. நாம் ‘ஆல்’, ‘ஓடு’ இரண்டையும் ஒரே வேற்றுமையில் வைத்திருப்பதுபோல அவர்களும் ஒரே வாலை ஒட்டுகிறார்கள். ‘ஓடு’ என்னும்போது முன்னால் ஒரு சிறு சொல் கூடுதல். நம் ஐந்தாம் வேற்றுமை, அதாவது ‘வீட்டிலிருந்து’ வகை, தனியாக இல்லை. ஆறாம் வேற்றுமை வடிவத்துக்கு முன்னால் ஒரு சொல்லைச் சேர்த்து அதைச் சமாளிக்கிறார்கள். எட்டில் ஒன்று போனால் ஏழு. கணக்கு சரி.

அதைவிட, விளி வேற்றுமை இருக்கிறது! இவான் என்ற பெயரைக் கூப்பிடும்போது ‘இவானே’. நண்பன் ‘த்ருஹ்’, கூப்பிட்டால் ‘த்ரூஜே’. நண்பனே, இறைவனே என்று நாம் ‘ஏ’ போட்டு அழைப்பதை யாரோ அங்கே கொண்டுபோய் வைத்தது போல இருந்தது. இரண்டு மொழிக்கும் எந்த உறவும் கிடையாது. தற்செயல்தான். அதனால் என்ன, நினைவில் நிற்கிறதே.

அப்புறம் ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டது. ‘நான் மாணவி’ என்று சொல்ல நடுவில் ‘இருக்கிறேன்’ தேவையில்லை, அவர்களுக்கும் தேவையில்லை. ‘எனக்குக் குளிருது’ என்பது ‘மெனி ஹோலொத்னோ’. ‘மெனி’ என்றால் ‘எனக்கு’. எனக்குப் பிடிக்கும், எனக்கு இத்தனை வயது, எல்லாமே ‘மெனி’யில் தொடங்கும். ‘உ மெனே யே’ என்றால் ‘என்னிடம் இருக்கிறது’. ஆங்கில வழிப் பாடங்கள் இவை ஒவ்வொன்றையும் விநோதமாக நினைத்து இரண்டு பக்கம் விளக்குகின்றன. தமிழில் யோசித்தால் விளக்கமே வேண்டாம். ‘பையனைப் பார்த்தேன்’ என்பதில் ‘ஐ’யை விட முடியாது, ‘மேசை பார்த்தேன்’ என்று விடலாம் அல்லவா? அங்கேயும் ஆண்பால் சொற்களில் உயிருள்ளதற்கு வால் மாறும், உயிரற்றதற்கு மாறாது.

இதைப் படித்து மொழி சுலபம் என்று நினைத்துவிடாதீர்கள். நமக்குப் பெரும்பாலும் வேற்றுமைக்கு ஓர் உருபு. எந்தப் பெயரில் ஒட்டினாலும் அநேகமாக அதுதான். அவர்களுக்குப் பால் மாறினால் வால் மாறும், ஒருமை பன்மையில் மாறும், கடைசி மெய் கடினமாக ஒலிக்கிறதா மென்மையாக ஒலிக்கிறதா என்று பார்த்தும் மாறும். போதாததற்கு உயிரற்ற பொருளுக்கும் பால் உண்டு. மேசை அவன், புத்தகம் அவள், ஜன்னல் மட்டும் அது. எல்லாவற்றையும் அஃறிணை என்று ஒரே மூட்டையில் கட்டிப் பழகிய மூளை இதை ஒத்துக்கொள்ள ஒரு வருடம் எடுத்தது. மெய்யில் முடிந்தால் ஆண், ‘ஆ’வில் முடிந்தால் பெண், ‘ஓ’வில் முடிந்தால் அது என்ற சூத்திரம் பெரும்பாலும் காப்பாற்றும். ‘தாத்தோ’ அதில் அடங்காது, அப்பா அல்லவா.

வினைச்சொல்லில் ‘செய்துகொண்டிருந்தேன்’ என்பதற்கும் ‘செய்துவிட்டேன்’ என்பதற்கும் தனித்தனிச் சொல். ‘ரொபீலா’ என்றால் அந்த வேலையில் இருந்தேன், அவ்வளவுதான். ‘ஸ்ரொபீலா’ என்றால் முடித்தேன். காலை மீட்டிங்கில் துணிச்சலாக உக்ரைனிய மொழியிலேயே என் வேலை நிலவரத்தைச் சொன்னேன். முன்னொட்டை விட்டுவிட்டேன். முடிந்த வேலையை முடியாதது என்று குறித்து இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். நம் ‘விடு’ துணைவினையை நினைத்துக்கொள்ளும்படி அதன் பிறகு எனக்கு நானே பாடம் எடுத்துக்கொண்டேன். இதில் இன்னொரு கோளாறும் உண்டு. இறந்த காலத்தில் தன்மைக்கும் பால் தெரியும். நான் ஆண் குரல் ஒலிப்பதிவைக் கேட்டுப் பழகியதால் சில மாதம் ஆணாகவே பேசிக்கொண்டிருந்திருக்கிறேன். யாரும் திருத்தவில்லை. மரியாதையாம்.

எண்களைப் பற்றி அதிகம் சொல்ல மனமில்லை. அவர்கள் பணத்தையே எடுத்துக்கொள்ளுங்கள்: ஒரு ‘ஹ்ரிவ்னியா’, இரண்டு முதல் நான்குவரை ‘ஹ்ரிவ்னி’, ஐந்திலிருந்து ‘ஹ்ரிவென்’, இருபத்தொன்றுக்கு மறுபடியும் ஒருமை. விரலை மடக்கித்தான் சொல்கிறேன்.

அசையழுத்தம்தான் என்னால் இன்றும் வெல்ல முடியாதது. எங்கே அழுத்துவது என்று அச்சில் போடமாட்டார்கள். லிவீவில் ‘விசோக்கிய் ஸாமொக்’ என்று ஒரு குன்று இருக்கிறது, உயர்ந்த கோட்டை என்று பொருள். அழுத்தத்தை இரண்டாம் அசைக்குத் தள்ளினால் கோட்டை பூட்டாகிவிடும். இதற்கு எனக்கு உதவுவது ‘ஹொரோஹ்’ என்ற இணைய அகராதி. பெயருக்குப் பட்டாணி என்று அர்த்தம். சொல்லை இட்டால் அழுத்தத்தோடு எல்லா வேற்றுமை வடிவமும் அட்டவணையாக வரும்.

மனம் சோர்ந்த நாட்களில் மாதப் பெயர்களைப் படிப்பேன். ரஷ்ய மொழி போல லத்தீன் பெயர்கள் இல்லை, எல்லாம் சொந்தச் சொல். பிப்ரவரி ‘லியூத்திய்’, கொடியது. ஏப்ரல் பூவின் பெயரில், மே புல்லின் பெயரில், ஆகஸ்ட் அரிவாளின் பெயரில். அக்டோபர் மஞ்சள். நவம்பர் ‘லிஸ்தோபாத்’, இலையுதிர்வு என்றே சொல். ‘ரஷ்யன் கற்றால் போதாதா, இரண்டும் ஒன்றுதானே?’ என்று கேட்பவர்களுக்கு நான் இந்தப் பன்னிரண்டையும் காட்டுவது வழக்கம்.

காசு கொடுத்ததில் பயன்பட்டது ஆசிரியை மட்டும். மணிக்கு எண்ணூறு ரூபாய் அளவில் ஆகிறது, தகும். இலவசத்தில் சிறந்தது அன்னா ஒஹோய்கோ நடத்தும் ‘யுக்ரேனியன் லெஸன்ஸ் பாட்காஸ்ட்’. ஒன்றுமே தெரியாதவர்களுக்காகத் தொடங்கி மெதுவாகப் பேசுகிறார்கள். பாத்திரம் கழுவும்போது கேட்கலாம், நான் அப்படித்தான் கேட்டேன். ஆரம்பத்தில் ஆங்கிலம் வழியாகத்தான் விளக்குவார்கள், அதை மனதுக்குள் தமிழ் இலக்கணத்துக்கு மாற்றிக்கொண்டால் வேகமாக ஏறும். தினம் இருபது நிமிடம் போதும், ஆனால் முதல் வருடம் யாரிடமும் பேசிக் காட்ட முடியாது என்பதற்குத் தயாராக இருங்கள். ஆறு மாதத்தில் சரளம் வேண்டும் என்பவர்களுக்கு இது ஒத்துவராது.

எந்தப் பாடத்திலும் ஆரம்பத்தில் வராத சொற்களை மீட்டிங்கில்தான் கற்றேன். ‘த்ரிவோஹா’ என்றால் கவலை. வான்தாக்குதல் சங்கொலிக்கும் அதே சொல். அது கேட்டதும் கேமராக்கள் ஒவ்வொன்றாக அணையும். ‘வித்பீய்’ என்று யாராவது எழுதினால் ஆபத்து நீங்கிவிட்டது, திரும்பி வருவார்கள். 2022 அக்டோபரில் மின் நிலையங்கள் தாக்கப்படத் தொடங்கியபோது ‘ஸ்வித்லா நெமா’ தினசரி வாக்கியமானது. ‘ஸ்வித்லோ’ வெளிச்சம். ‘நெமா’ சேர்ந்தால் ஆறாம் வேற்றுமைக்கு மாறி ‘ஸ்வித்லா’. வெளிச்சம் இல்லை, அதாவது கரண்ட் இல்லை. திரும்ப வந்தால் ‘தாலி’. கொடுத்துவிட்டார்கள் என்று அர்த்தம். யார் கொடுத்தார்கள் என்று சொல்வதில்லை. கோவையின் 2012 மின்வெட்டில் நாங்களும் இப்படித்தான் ‘கரண்ட் விட்டுட்டாங்க’ என்போம். குண்டு விழுந்து போகவில்லை என்பது தவிர.

சென்ற குளிர்காலத்தில் ஒரு நாள், பேசிக்கொண்டிருந்த தோழியின் சதுரம் திடீரென்று கறுத்துப்போனது. அவளுக்கு என்ன ஆனது என்று மேலாளர் கேட்க, ‘ஸ்வித்லா நெமா’ என்று நான்தான் முதலில் சொன்னேன், யோசிக்காமலே. இரவு பத்து மணிக்கு அவளிடமிருந்து ஒரே சொல் வந்தது: ‘தாலி!’ நானும் ஒரே சொல்லில் ‘நரேஷ்த்தி’ என்று எழுதினேன், ‘ஒருவழியாக’ என்று பொருள். கடைசியில் கூர்மையான ‘இ’ வர வேண்டும். அவசரத்தில் மற்றதைத் தட்டிவிட்டேன்.

பதிலுக்குத் திமிங்கிலம் வந்தது.