கிளஸ்டர் சர்வர் வாங்கப் போகிறீர்களா? வயரைப் பிடுங்கிப் பார்த்துவிட்டுப் பாக்கிப் பணத்தைக் கொடுங்கள்

திருநெல்வேலி பக்கம் மொத்த வியாபாரம், மில், சின்ன ஆஸ்பத்திரி நடத்துகிறவர்கள் தயவுசெய்து இதை முழுதாகப் படியுங்கள்.

2023 டிசம்பர் வெள்ளத்தில் சித்தப்பாவின் பருப்புக் கடைக் கம்ப்யூட்டர் கணக்கோடு போய்விட்டது. அதற்கப்புறம்தான் கடையில் ஒரு சர்வர், குடோனில் ஒரு சர்வர் என்று முடிவெடுத்தார். நல்ல முடிவுதான். விற்க வந்தவர் தந்த கொட்டேஷனில் கிளஸ்டர் (சேர்ந்து ஒரே வேலையைப் பார்க்கும் சர்வர்கள்), ஃபெயில்ஓவர் (ஒன்று விழுந்தால் மற்றது வேலையை எடுத்துக்கொள்வது), கோரம் (எது வேலையை நடத்துவது என்று பெரும்பான்மை ஓட்டில் முடிவெடுப்பது), ரெய்டு (பல டிஸ்க்கைச் சேர்த்து ஒன்றாக ஓட்டுவது), ஈசிசி மெமரி (சின்னப் பிழைகளைத் தானே திருத்திக்கொள்ளும் மெமரி), ரிடண்டன்ட் பவர் சப்ளை (ஒன்று போனால் ஓட இன்னொன்று) எல்லாம் இருந்தது. 99.999 சதவீத அப்டைம் வேறு. அப்படியென்றால் வருஷம் முழுவதற்கும் சேர்த்து ஐந்து நிமிஷச் சொச்சம்தான் நிற்கலாம். "கவலையே படாதீங்க அண்ணாச்சி, ஒண்ணு விழுந்தா இன்னொண்ணு தானா எடுத்துக்கிடும்" என்றார்.

கடைக்கும் குடோனுக்கும் நடுவே அவர்கள் இழுத்தது ஒரே ஒரு லேன் கேபிள். அதை எலி கடித்துவிட்டது. கிளஸ்டரில் ஒரு சர்வர் உயிரோடு இருக்கிறதா என்று மற்றது ஹார்ட்பீட் சிக்னலை வைத்துத்தான் தெரிந்துகொள்ளும். சிக்னல் நின்றதும், மற்றது செத்துவிட்டது என்று இரண்டுமே முடிவுகட்டி, இரண்டுமே மாஸ்டர், அதாவது கணக்கை எழுதும் தலைமை சர்வர், ஆகிவிட்டன. ஒரே பில் நம்பரில் கடையில் ஒரு பார்ட்டிக்குத் துவரம்பருப்பு, குடோனில் இன்னொரு பார்ட்டிக்கு உளுந்து. ஸ்ப்ளிட் பிரெய்ன் என்பது இதுதான். இரண்டே சர்வர் இருந்தால் பெரும்பான்மை வராது என்பதால் மூன்றாவது ஓட்டுக்கு விட்னஸ் என்று ஒன்று வைக்க வேண்டும். அதற்கு ஒரு சின்ன மெஷின் போதும். கோரம் என்று எழுதிக் காசு வாங்கியவர்கள் அதை வைக்கவே இல்லை.

சர்வீஸ் ஆள் வந்து சேரவே அரை நாள். வந்தவர் யாரையும் கேட்காமல் கடைப் பக்கத்து டேட்டாவை வைத்துக்கொண்டு குடோன் பக்கத்தை அழித்துவிட்டார். லோடு சீட்டுகளைத் தேடி எடுத்து, குடோன் பில்களை ஒவ்வொன்றாகத் திரும்ப ஏற்றினோம். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

சரி, மற்றதெல்லாம் எப்படி என்று திறந்து பார்த்தேன். கடை சர்வரின் பின்னால் பவர் சப்ளை இரண்டு இருந்தது உண்மை. இரண்டு வயரையும் பிடித்துக்கொண்டே போனால், தூசிக்குள் கிடந்த ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் போய் முடிந்தது. அதற்கு ஒரே யுபிஎஸ். யுபிஎஸ்ஸை அணைத்தேன், சர்வரும் அணைந்தது. இரண்டு சப்ளையும் தனித்தனி யுபிஎஸ்ஸில் இருந்தால்தான் பிரயோஜனம்.

ஹார்டு டிஸ்க் 2 டிபியில் இரண்டு. கணினியில் 4 டிபி என்று காட்டியது. ஒன்றுக்கு ஒன்று நகலாக இருக்கும் ரெய்டு 1 என்றால் 2 டிபிதான் காட்ட வேண்டும். போட்டிருந்தது ரெய்டு 0. அதில் எந்த டிஸ்க் போனாலும் மொத்தமும் போச்சு. மெமரியும் சாதாரண டெஸ்க்டாப் மெமரி. லினக்ஸில் உள்ளே என்ன ஹார்டுவேர் இருக்கிறது என்று காட்டும் டிஎம்ஐடிகோட் (dmidecode) கட்டளை கொடுத்தால் இந்த டிடிஆர்4 வகையில் ஈசிசிக்கு மொத்த அகலம் 72 பிட் என்று வரும். எங்களுக்கு வந்தது 64.

கேட்டதற்கு, "வாரண்டி ஹார்டுவேருக்கு மட்டும்தான்" என்று போனை வைத்துவிட்டார்கள். நுகர்வோர் கோர்ட்டும் லேசான வழி இல்லை. வியாபாரத்துக்கு வாங்கிய பொருள் என்றால் 2019 சட்டப்படி நாம் நுகர்வோர் இல்லை. சுயதொழில் செய்து பிழைக்க மட்டுமே வாங்கியவர்களுக்குத்தான் விலக்கு. அதனால் பர்ச்சேஸ் ஆர்டரிலேயே எழுதி வாங்குங்கள்: ஒரு பவர் வயர், ஒரு லேன் கேபிள், ஒரு டிஸ்க் என ஒவ்வொன்றாக உங்கள் கண் முன்னால் பிடுங்க வேண்டும், பில்லிங் நிற்காமல் ஓட வேண்டும், அதுவரை பாக்கி கிடையாது. டிஸ்க்கை மட்டும் உண்மையான கணக்கு ஏற்றுவதற்கு முன்பே பிடுங்கிப் பார்த்துவிடுங்கள்.

இதே ஆட்கள் அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு ரைஸ் மில்லுக்கும் கொட்டேஷன் கொடுத்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். அது உங்கள் மில்லாக இருந்தால் அட்வான்ஸ் கொடுக்கும் முன் எனக்கு ஒரு மெசேஜ் போடுங்கள், கொட்டேஷனை வரி வரியாகப் பார்த்துச் சொல்கிறேன்.