சிறு மனையில் வீடு எங்கே நிற்க வேண்டும்: நடுவிலா, பின்னாலா, முன்னாலா, ஓரமாகவா?

முப்பதுக்கு ஐம்பது அடி மனை ஒன்றை எடுத்துக்கொள்வோம். 30 அடிப் பக்கம் தெருவைப் பார்க்கிறது. அதில் 20 அடி அகலம், 35 அடி நீளத்தில் வீடு. வீட்டுக்கு 700 சதுர அடி போனால் மிச்சம் 800. வீட்டை எந்தப் பக்கம் நகர்த்தினாலும் அந்த 800 மாறாது. ஆனால் அதில் வண்டி நிற்குமா, துணி காயுமா, நாளைக்கு ஓர் அறை சேர்க்க முடியுமா என்பதெல்லாம் அது ஒரே துண்டாகக் கிடக்கிறதா, நாலு கீற்றாகச் சிதறிக் கிடக்கிறதா என்பதைப் பொறுத்தது.

முன், பின், பக்கங்களில் குறைந்தது எவ்வளவு விட வேண்டும் என்ற விதி ஊருக்கு ஊர் வேறு. அதை முதலில் விசாரித்து, மனைப் படத்தில் கோடாகப் போட்டுவிட்டு மேலே படியுங்கள். கீழே சொல்லும் சில வழிகளை அந்தக் கோடே அடைத்துவிடலாம்.

நடுவில் வைத்தால்

பக்கத்துக்கு 5 அடி, முன்னும் பின்னும் ஏழரை அடி. தாளில் பார்க்க ஒழுங்காக இருக்கும், பலரும் யோசிக்காமல் இதைத்தான் வரைகிறார்கள். சிறு மனையில் இடத்தை அதிகம் வீணாக்குவதும் இதுதான்.

கணக்கைப் பாருங்கள். காம்பவுண்ட் சுவர் முழுவதும் உங்கள் மண்ணில் நின்றால் 9 அங்குலம் போயிற்று. இரண்டு பக்கப் பூச்சுக்கு ஓர் அங்குலத்துக்கு மேல். 5 அடி என்பது நாலு அடி சொச்சம் ஆகிறது. அதில் கழிவுநீர்க் குழாய், அடைப்பெடுக்கத் திறக்கும் தொட்டியான சேம்பர், ஏசியின் வெளிப்பெட்டி வந்து உட்கார்ந்தால் மிஞ்சுவது ஒருவர் ஒதுங்கி நடக்கும் சந்து. கண்ணாடிகளை விரித்த காருக்கு ஆறு அடிக்கு மேல் அகலம் வேண்டும், ஆகவே பக்கத்தில் போகாது. ஏழரை அடி முன்வாசலில் நேராக ஏற்றினால் பாதி வண்டி தெருவில் நிற்கும், தெருவுக்கு இணையாக நிறுத்தலாம் என்றால் திருப்ப இடமில்லை. 800 சதுர அடி வெறும் நிலம் இருந்தும் ஒரு காருக்கு இடமில்லாமல் போவது இப்படித்தான்.

இதற்கு நல்ல பக்கமும் உண்டு. நாலு சுவரிலும் ஜன்னல் வைக்கலாம். சாரம் கட்டிப் பூச, வெள்ளையடிக்க, பின்னால் விரிசல் பார்க்க எங்கும் இடம் இருக்கும். பக்கத்து வீட்டு அஸ்திவாரத்தோடு உரசல் இல்லை. மனை 60 அடி அகலமாக இருந்தால் இதையே தேர்ந்தெடுக்கலாம். முப்பதில் வேண்டாம்.

பின்னால் தள்ளினால்

பின்னே 3 அடி விட்டால் முன்னே 12 அடி கிடைக்கும். சின்னக் கார் ஒன்றின் நீளமே 12, 13 அடி. பெரியதானால் 15-ஐத் தொடும். காம்பவுண்டின் கனத்தையும் கழித்தால் சின்னக் காருக்கே கேட் மூடாது. வீட்டின் நீளத்தில் 5 அடி குறைத்து முன்னே 17 அடி ஆக்கினால்தான் சரிவரும். கேட் உள்பக்கம் திறப்பதாக இருந்தால் அது சுழலும் இடமும் வேண்டும். 10 அடி கேட்டுக்கு ஐந்தைந்து அடியாக இரண்டு கதவு, அப்படியானால் 17-ம் போதாது. அங்கே நகரும் கேட்தான் வழி. அதற்குப் பக்கவாட்டில் இன்னொரு 10 அடி நேர்ச்சுவர் வேண்டும், 30 அடி முகப்பில் அது கிடைக்கும்.

தெருச் சத்தமும் தூசியும் குறையும். கட்டும்போது மணல், ஜல்லி, கம்பியெல்லாம் மனைக்குள்ளேயே கொட்டலாம். இந்த வசதியைக் கட்டி முடிக்கும்வரை யாரும் மதிப்பதில்லை.

சிக்கல் குழாயில் வரும். 4 அங்குலக் கழிவுக் குழாய்க்கு 40-க்கு 1 சரிவு என்று வைத்தால், கழிப்பறையிலிருந்து தெருச் சாக்கடைக்கு 45 அடி ஓட்டத்தில் 13 அங்குலத்துக்கு மேல் இறக்கம் வேண்டும். 15 அடி ஓட்டமென்றால் நாலரை அங்குலம் போதும். சாக்கடை ஆழமில்லாமல், மனையும் பின்பக்கம் சாய்ந்திருந்தால் வீட்டுத் தளத்தையே உயர்த்த வேண்டியிருக்கும். உயர்த்தும் ஒவ்வோர் அடிக்கும் 700 கன அடி மண் நிரப்ப வேண்டும், படியும் கூடும். உயர்த்தாமல் சரிவைக் குறைத்துப் போட்டால் தண்ணீர் ஓடும், கெட்டிக் கழிவு தங்கும், சேம்பர் அடிக்கடி அடைக்கும். பின்னால்தான் வீடு என்று முடிவானால் கழிப்பறைகளையாவது தெருப்பக்கச் சுவரை ஒட்டிக் கொண்டுவாருங்கள். ஓட்டத்தை அளப்பது கழிப்பறையிலிருந்து, வீட்டின் முகப்பிலிருந்து அல்ல.

முன்னால் தள்ளினால்

குழாயும் மின்சாரக் கம்பியும் குட்டையாகும். பின்னால் 10, 12 அடியில் மறைவான கொல்லை கிடைக்கும். காய்கறி போட, துணி உலர்த்த, பிள்ளைகள் விளையாட அது முன்வாசலைவிட நல்ல இடம். வண்டி வைத்திருக்காத குடும்பத்துக்கு இந்த வழி உண்மையிலேயே பொருந்தும்.

ஆனால் கொல்லைக்குப் போக வீட்டுக்குள் நுழைந்துதான் போக வேண்டும் என்று ஆகிவிடக் கூடாது. செப்டிக் டேங்க் பின்னால் இருந்தால், உறிஞ்சும் வண்டியின் குழாய் எந்த வழியாக அங்கே போகும் என்று இப்போதே பாருங்கள். ஒரு பக்கமாவது 3 அடி தடையில்லாத வழி வேண்டும். தெருவை மேல்மேலே போட்டு உயர்த்தும் வழக்கம் எங்கும் உண்டு, வாசல் தெருவோடு ஒட்டியிருந்தால் மழைத்தண்ணீர் நேரே உள்ளே வரும். தெரு அகலமாகப் போகிறது என்ற பேச்சு இருந்தாலும் இந்த வழியை விட்டுவிடுங்கள்.

ஓரமாக ஒட்டினால்

வீட்டின் நீளச்சுவர் ஒன்று எல்லையை ஒட்டி நிற்கும். எதிர்ப்பக்கம் 10 அடி அகலம், 50 அடி நீளத்தில் ஒரே துண்டாக 500 சதுர அடி திறந்துவிடும். காம்பவுண்ட் போக 9 அடிக்கு மேல் அகலம். இரண்டு கார் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். அதற்குப் பின்னேயும் தோட்டத்துக்கு இடம் மிஞ்சும். அறைகள் எல்லாமே அந்தப் பக்கம் ஜன்னல் திறக்கலாம். முப்பது அடி அகல மனைக்கு நாங்கள் முதலில் சொல்லுவது இதைத்தான், ஆனால் கீழே உள்ள மூன்று வேலைகளைச் சரியாகச் செய்யத் தயாராக இருந்தால் மட்டும்.

முதலாவது அஸ்திவாரம். எல்லையில் நிற்கும் பில்லருக்கு 4-க்கு 4 அடி ஃபுட்டிங் (பில்லரின் அடியில் மண்ணுக்குள் போடும் அகலமான கான்கிரீட் தளம்) தேவை என்றால், நடுவில் பில்லரை நிறுத்த 2 அடி பக்கத்து மண்ணுக்குள் போக வேண்டும், அது முடியாது. பில்லர் ஃபுட்டிங்கின் விளிம்பில் உட்காரும், சுமை ஒரு பக்கமாக அழுத்தும், ஃபுட்டிங் சாயப் பார்க்கும். உள்பக்க பில்லரோடு அதை ஒரு பீம் போட்டு இழுத்துப் பிடிக்க வேண்டும், அல்லது இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஃபுட்டிங் போட வேண்டும். ஃபுட்டிங்கைப் பாதியாக வெட்டிவிட்டால் போதும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். இது கட்டமைப்புப் பொறியாளர் கணக்குப் போட்டு வரைய வேண்டிய இடம்.

இரண்டாவது, வானம் (அஸ்திவாரப் பள்ளம்) தோண்டுவது. பக்கத்து வீட்டு அஸ்திவாரத்தைவிட ஆழமாக, அதை ஒட்டி முழு நீளத்துக்கும் ஒரே பள்ளமாகத் தோண்டினால் அவர்கள் மண் உங்கள் குழிக்குள் சரியும். நாலைந்து அடித் துண்டாக, ஒன்றுவிட்டு ஒன்றாகத் தோண்டி, கான்கிரீட் போட்டு இறுகிய பிறகு அடுத்த துண்டுக்குப் போக வேண்டும். மழைக்காலத்தில் இந்தப் பள்ளம் ஒரு நாள்கூடத் திறந்து கிடக்கக் கூடாது.

மூன்றாவது, எல்லைச் சுவரின் வெளிமுகம். பக்கத்தில் வீடு எழும்பிவிட்டால் அந்தச் சுவரை அதன் பிறகு தொடவே முடியாது. பூசாமல் விட்ட செங்கல் ஈரத்தை உறிஞ்சி உள்ளறையில் பூச்சு உப்பி உதிரும். பக்கத்து மனை காலியாக இருக்கும்போதே அனுமதி கேட்டு, அங்கே சாரம் கட்டி, நீர் இறங்காத பூச்சை முடித்துவிடுங்கள். மொட்டை மாடித் தண்ணீர் அந்தப் பக்கம் சொட்டக் கூடாது. தளத்தை உங்கள் பக்கம் 100-க்கு 1 சரித்தால் 20 அடியில் சுமார் இரண்டரை அங்குல இறக்கம், அது போதும்.

விதி எல்லையில் கட்ட விடாமல் 3 அடி கேட்டால்? 20 அடி அகலத்தை விடாப்பிடியாக வைத்துக்கொண்டு மறுபக்கம் 7 அடி விடுவது கெட்ட சமரசம்: கார் நுழையும், கதவு திறக்காது. அதற்குப் பதில் வீட்டைப் பதினெட்டரைக்கு 38 ஆக்குங்கள். 703 சதுர அடி, சுற்றுச்சுவர் 110 அடியிலிருந்து 113 ஆகிறது, அவ்வளவே. மறுபக்கம் எட்டரை அடி கிடைக்கும். அந்தப் பக்கக் காம்பவுண்டை நாலரை அங்குலச் சுவராக, நடுநடுவே தூண் கொடுத்துக் கட்டினால் ஒரு பக்கக் கதவைத் திறந்து இறங்கலாம்.

எந்த ஓரம் என்பதை வெயில் சொல்லும்

நீளச்சுவர்கள் கிழக்கும் மேற்கும் பார்த்தால், வெக்கை மிகுந்த ஊரில் வீட்டை மேற்கு எல்லையில் ஒட்டுங்கள். மாலை வெயில் தாழ்ந்து வரும், சன்ஷேட் அதைத் தடுக்காது. ஜன்னலில்லாத சுவரும் பக்கத்து வீட்டின் நிழலும் தடுக்கும். கிழக்கே விட்ட திறந்த வெளியில் காலை வெயில் விழும், பிற்பகலில் உங்கள் வீட்டு நிழலே அங்கே படரும்.

தெற்கும் வடக்கும் பார்த்தால் அட்சரேகை பேசும். வடக்கு அட்சம் 10 பாகையில் டிசம்பர் நண்பகல் சூரியன் தெற்கே 56.5 பாகை உயரத்தில் நிற்கும். 20 அடி உயர வீட்டின் நிழல் வடக்கே 13 அடி நீளும், 10 அடித் திறந்த வெளி முழுக்க நிழல். ஜூனில் சூரியன் வடக்கே சாய்வதால் அதே இடத்தில் வெயில். அங்கே எந்த ஓரமும் தாங்கும், காற்று வரும் பக்கத்தைத் திறந்துவிடுங்கள். அட்சம் 50 பாகையானால் டிசம்பர் நண்பகல் உயரம் பதினாறரை பாகைதான், அதே வீட்டின் நிழல் 67 அடி. வடக்கே விட்ட முற்றம் குளிர்காலம் முழுவதும் வெயிலே பார்க்காது. வீட்டை வடக்கு எல்லையில் ஒட்டி, தெற்கைத் திறந்து விடுவதே அங்கே முறை.

பக்கத்துக் காலி மனையை இன்றைக்கு இருப்பதுபோலக் கணக்கில் எடுக்காதீர்கள். விதி அனுமதிக்கும் முழு உயரத்துக்கும் அங்கே ஒரு வீடு வந்துவிட்டதாக வரைந்துகொண்டு ஜன்னல்களை வையுங்கள்.

குழி வெட்டுமுன்

மனையின் நாலு பக்கங்களையும் இரண்டு மூலைவிட்டங்களையும் டேப்பால் அளங்கள். 30-க்கு 50 செவ்வகமானால் மூலைவிட்டம் இரண்டும் 58 அடி மூன்றே முக்கால் அங்குலம் வர வேண்டும். வராவிட்டால் மனை கோணல், படத்தை மனைக்கேற்ப மாற்ற வேண்டும். வீட்டின் மூலைகளில் முளையடித்து, 9, 12, 15 அடி முக்கோணத்தால் மூலைமட்டம் (மூலை சரியாக 90 பாகையா என்று) பார்த்து நூல் கட்டுங்கள். 20-க்கு 35 வீட்டின் மூலைவிட்டம் 40 அடி மூன்றே முக்கால். காம்பவுண்டின் உள்முகத்துக்கும் ஒரு நூல். சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டு, இரண்டு நூலுக்கும் நடுவே காரை உண்மையிலேயே ஓட்டி நிறுத்தி, ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து இறங்கிப் பாருங்கள். நூலை ஓர் அடி நகர்த்துவது அன்றைக்கு ஐந்து நிமிட வேலை.