7 வருடம், ஒரே வீல்சேர், 3 ஜோடி முன்சக்கரம்

தென்னை மரத்திலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்வு போனபின், 2018 தொடக்கத்தில் ஒரு முகாமில் இந்த வீல்சேர் கிடைத்தது. மடக்கும் வகை. குரோம் பூசிய இரும்புக் குழாய்ச் சட்டம், பின்னால் 24 அங்குலக் காற்றுச் சக்கரம், முன்னால் 8 அங்குல கெட்டி ரப்பர். மன்னார்குடிக்குத் தெற்கே எங்கள் கிராமம். தெருவில் பாதி தார், பாதி களிமண். மொசைக் தரைக்காகச் செய்த வண்டி இது என்பது முதல் மழையிலேயே தெரிந்துவிட்டது.

முதலில் போனது முன்சக்கர பேரிங். ஐப்பசி மழையில் சேறு உள்ளே போய், காய்ந்து, மணலாக அரைக்கும். தை மாதம் வேறு தொல்லை. சம்பா அறுவடை முடிந்தால் நெல்லும் வைக்கோலும் ரோட்டில்தான் காயும். வைக்கோல் முன்சக்கர அச்சில் சுற்றிக்கொண்டால் நூல்கண்டு மாதிரி இறுகிவிடும். சக்கரம் சட்டென்று நின்று ஆள் முன்னால் கவிழ்வோம். இரண்டு முறை விழுந்திருக்கிறேன். இப்போது சீட்டுக்குப் பக்கத்துப் பையில் ஒரு சின்னக் கத்தி எப்போதும் இருக்கும்.

முகாம் நடத்தியவர்களிடம் பேரிங் கேட்டால், "சக்கரத்தோடுதான் வரும், எழுதிப் போடுகிறோம்" என்றார்கள். நான்கு மாதம் ஆயிற்று. கடைசியில் எங்கள் ஊர் சைக்கிள் கடை அண்ணன்தான் பழையதைத் தட்டி எடுத்து, மண்ணெண்ணெயில் கழுவிப் பார்த்தார். 608 என்று எண் பொறித்திருந்தது. "இது ஸ்கேட்டிங் ஷூவுக்குப் போடறதுதான் தம்பி, டவுன்லயே கிடைக்கும்" என்றார். உள் விட்டம் 8 மி.மீ., வெளி விட்டம் 22, தடிமன் 7. ஒன்று 50 ரூபாய்க்குள் முடிந்தது. முதலில் தகர மூடி போட்டதை வாங்கினோம், சேறு தாங்கவில்லை. ரப்பர் சீல் வைத்ததாகப் பார்த்து வாங்கியபின் ஒன்றரை வருடம் ஓடுகிறது. நடுவில் நானாகத் தேங்காய் எண்ணெய் விட்டதும் ஒரு தவறு. தூசியை எல்லாம் பிடித்து வைத்துக்கொண்டது.

வீல்சேருக்கு ஐஎஸ்ஓ 7176 என்று ஒரு சர்வதேசத் தரநிலை உண்டு. அதன் 8-ஆம் பகுதிப்படி, பட்டை பதித்த உருளைகள் மேல் 2 லட்சம் சுற்று ஓட்டி, 5 செ.மீ. உயரத்திலிருந்து 6,666 முறை போட்டுப் பார்ப்பார்கள். நல்ல சோதனைதான். ஆனால் அதில் சேறும் கிடையாது, வைக்கோலும் கிடையாது.

பின்சக்கரத்துக்கு எதிரி சீமைக்கருவேல முள். பஞ்சரை யாரும் ஒட்டித் தந்துவிடுவார்கள், அதில் கஷ்டமில்லை. ஆனால் காற்று குறைந்தால் பிரேக் பிடிக்காது என்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. பிரேக் கட்டை டயரைத்தான் அழுத்துகிறது. டயர் தளர்ந்தால் எதை அழுத்தும்? கட்டிலுக்கு மாறும்போது வண்டி பின்னால் நகர்ந்து தரையில் உட்கார்ந்த பிறகுதான் புரிந்தது. வாரம் ஒருமுறை காற்று, கட்டாயம்.

கஜா புயலன்று ஓடு பறந்து, வண்டி இரவெல்லாம் மழையில் நின்றது. வெளியே துடைத்தோம், குழாய்க்குள் நின்ற தண்ணீரை யாரும் நினைக்கவில்லை. 2022-இல் முன்சக்கரம் சேரும் இடத்தில் வெல்டிங் விரிசல் விட்டது. உள்ளே முழுக்கத் துரு. பட்டறையில் பட்டை வைத்து ஒட்டிக் கொடுத்தார்கள். இப்போது நனைந்தால் குழாய் முனையிலுள்ள பிளாஸ்டிக் மூடியைக் கழற்றிக் கவிழ்த்து வைக்கிறோம்.

குஷனைப் பற்றி மட்டும் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்வேன். ஃபோம் அமுங்கிப்போனது எனக்குத் தெரியவில்லை, தெரிய உணர்வும் இல்லை. 2021-இல் உட்காரும் இடத்தில் புண் வந்து ஆறு வாரம் குப்புறப் படுத்திருந்தேன். இப்போது மாதம் ஒருமுறை அம்மா முஷ்டியால் அழுத்திப் பார்ப்பார். முஷ்டி அடிவரை போய் முட்டினால் அன்றே புது ஃபோம்.

போன மாதம் இன்னொரு முகாமில் புது நாற்காலி தந்தார்கள். அலுமினியம், எடை குறைவு, பார்க்க அழகு. முன்சக்கரத்தைத் திருப்பிப் பார்த்தேன். பேரிங்கும் பிளாஸ்டிக்கும் ஒன்றாக வார்த்தது, கழற்ற வழியில்லை. சரி என்று வாங்கி வந்தேன். வீட்டுக்குள் அதில்தான் இருக்கிறேன். தெருவுக்கு இன்னும் பழையதுதான்.